முப்பத்திரண்டாவது இதழ்

கல்யாணப் பத்திரிகையும் ஐஸ் கம்பெனி ரசீதும்
அடித்துக்கொண்டிருந்த ட்ரெடில் மெஷினுக்கு
ஒரு மழைக்காலத்தில் வேலை இல்லை.
கீழக்கரை நெய்னா அப்போதுதான் சொன்னார்:
"சும்மா கெடந்தா துருப்பிடிக்கும்.
படக்கதை போடுவோம்."
ஆரம்பம் அவ்வளவுதான்.
லட்சியம் கிட்சியம் என்று பிறகு சொன்னதெல்லாம்
ஏஜெண்டுகளுக்காக.

மண்டபத்திலிருந்து கித்தேரி வந்தாள்,
யாத்திரைக்காரர்களுக்குச் சோழியில் பெயர் எழுதுகிறவள்.
ஒற்றைச் சோழியில்
மீனாட்சிசுந்தரத்தை முழுசாக அடக்கியவள்.
ஆறு கட்டம் போட்ட தாளைப் பார்த்து
"இம்புட்டு எடமா?" என்றாள்.

நாயகன் பெயர் கணவாய்க்காரன்.
எதிரி நெருங்கினால் மை பீய்ச்சி
கருப்புக்குள் காணாமல் போவான்.
அந்தக் கட்டம் முழுக்கக் கருப்பு:
கித்தேரிக்கு வேலை மிச்சம்,
நெய்னாவுக்கு மைச் செலவு.
பேச்சுக் குமிழ்களுக்குள் எழுதியவன் நான்.
குமிழுக்குப் பதினோரு வார்த்தை;
மீறினால் வால்போல் வெளியே தொங்கும்.

சிவப்பு எப்போதும் ஒரு நூல் விலகியே விழும்.
வில்லனின் உதடு கன்னத்தில் இருக்கும்.
படித்தவர்கள் அதை
அவன் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஏழாவது இதழ் பரமக்குடியில்
ஒரே காலையில் தீர்ந்தது.
தொண்டியில் பையன்கள் பள்ளிச் சுவரில்
பேனா மையை உதறிவிட்டு ஓட,
தலைமையாசிரியர் எங்களுக்குப் பதிவுத்தபால் போட்டார்.
நெய்னா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார்.
ராமேஸ்வரத்தில் கப்பலேறி
மாதம் நூற்று நாற்பது பிரதி தலைமன்னாருக்கு.
அங்கிருந்து ஒருத்தி கேட்டிருந்தாள்:
கணவாய்க்காரனுக்கு எங்கள் பக்கம் சொந்தம் உண்டா?
உண்டு என்று பதினைந்தாம் இதழில்
ஒரு மச்சானை உண்டாக்கினோம்.

பிறகு கப்பல் நின்றது.
மச்சான் அக்கரையிலேயே நின்றுபோனான்,
பாதிக் கதையில்,
ஒரு கையைத் தூக்கியபடி.

அதனால்தான் விழுந்தோம் என்றால் பொய்.
தீபாவளி மலர் என்று சிவகாசியில்
நாலு வண்ணத்தில் அடித்தோம், நூற்றிருபது பக்கம்.
நெய்னா வல்லத்தில் இருந்த தன் பங்கை விற்றிருந்தார்.
முதல்முறையாக
உதடு உதட்டிலேயே இருந்தது.
யாருக்கும் பிடிக்கவில்லை.

கட்டுகள் பஸ் கூரையில் திரும்பி வந்தன,
புயல் மழையில் ஊறி,
பக்கத்தோடு பக்கம் ஒட்டி.
மதுரையிலிருந்து பேப்பர்க் கடைக்காரர் வந்து
மூன்று நாள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்.
இரண்டு நாள் நாங்கள் டீ வாங்கிக் கொடுத்தோம்.
மூன்றாம் நாள் அவர் வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை
ஜும்ஆவுக்குப் போன நெய்னா திரும்பவில்லை.
தம்மாமில் ஏதோ கிட்டங்கியில் இருப்பதாக
ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது.
மேஜையில் மைப்புட்டி கவிழ்ந்து கிடந்தது,
பூனை தட்டியிருக்கும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கித்தேரிதான் சொன்னாள்:
"கத்துக்கிட்டாரு மனுசன்."

மெஷின் எடைக்குப் போனது.
மலர்கள் இறால் கம்பெனிக்கு, கிலோ எண்பது காசு.
எங்கள் கூலி பாக்கியைப் பற்றி
மெஷின் வாங்கியவனிடம் கேட்டுப் பார்த்தேன்,
சிரித்தான்.

முப்பத்தொன்றாம் இதழின் கடைசிக் கட்டத்தில்
கணவாய்க்காரன் ஐஸ் பாளத்துக்குள் உறைந்திருந்தான்.
தொடரும் என்று நான்தான் எழுதினேன்.
அடுத்த இதழுக்குக் கித்தேரி வரைந்து முடித்திருந்த
இருபத்துநாலு தாளும் என் பெட்டியில் இருக்கின்றன.
எல்லாரும் வாய் திறந்திருக்கிறார்கள்.
குமிழ்கள் காலி.
அவன் எப்படி வெளியே வந்தான் என்று
படத்தைப் பார்த்து எனக்குப் புரியவில்லை.
அவளிடம் கேட்கலாம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.
கேட்கவில்லை.

அடுத்த கோடையில் மூக்கையூரிலிருந்து
ஒரு பையன் கடிதம் போட்டான்.
இதழ் ஏன் வரவில்லை,
ஒருவேளை செத்துவிட்டானா,
எப்படியானாலும் அனுப்பவும் என்று
ஒன்றரை ரூபாய்க்குத் தபால்தலை வைத்திருந்தான்.

பதினைந்து காசுக் கார்டில் பதில் எழுதினேன்:
"ஐஸ்தானே தம்பி, உருகும்."
கீழே, ஆசிரியர் என்று கையெழுத்து.

தபால்தலைகளைத் திருப்பி அனுப்பவில்லை.